பதினேழாம் கட்டிலின் கோவிந்தம்மா

கோவிந்தம்மாவுக்கு அன்று காலையும் காய்ச்சல் இல்லை. தொண்ணூற்றெட்டு புள்ளி நான்கு. இரண்டு வருடங்களாக அது ஒரு புள்ளி ஏறியதும் இல்லை, இறங்கியதும் இல்லை. தாண்டவராயன் தர்ம மருத்துவமனையில் அவ்வளவு திடமான நோயாளி வேறு யாருமே கிடையாது. அவர் செத்துப்போயிருந்தார் என்பது ஒன்றுதான் குறை.

படப்பையிலிருந்து ஒரகடம் போகிற சாலையில் இடது கைப்பக்கம் அந்த ஆஸ்பத்திரி. மஞ்சள் கட்டடம், ஐம்பது கட்டில். நுழைந்ததும் ஸ்தாபகர் தாண்டவராயனின் படம் சந்தன மாலையோடு தொங்கும். சுற்றுவட்டார ஏழைகளின் உயிரைக் காக்கவென்றே அவர் இதைக் கட்டினார். தன் உயிருக்கு ஆபத்து வந்தபோது மட்டும் கார் பிடித்து மெட்ராசுக்குப் போய்விட்டார்.

படத்துக்குக் கீழே கவுண்டர். அங்கே சேர்க்கை எழுத்தராக உட்கார்ந்திருந்தவன் பகலவன். மணிமங்கலத்திலிருந்து சைக்கிளில் வந்து போகிறவன். தொகுப்பூதியம் நானூற்று ஐம்பது ரூபாய். மூன்றாவது வருடம் ஓடிக்கொண்டிருந்தது. வேலை நிரந்தரமானால் தொள்ளாயிரத்து எண்பது. அந்த வித்தியாசத்தில்தான் அவன் மனைவி காந்திமதியின் கால் வீக்கம் இருந்தது. அவள் ஒரு ஷூ கம்பெனியில் நின்றபடி வேலை செய்பவள். ஏழு மாதக் கர்ப்பிணி. பிரஷர் இருக்கிறது, நிற்கவே கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அவன் சம்பளம் ஏறினால் அவள் உட்காரலாம், இல்லையென்றால் நிற்க வேண்டும்.

சம்பளம் ஏன் ஏறவில்லை என்பதற்கான விளக்கம் கவுண்டர் சுவரிலேயே கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது. 'சேர்க்கை எழுத்தர்களின் ஊதியமும் அதைப் பாதிக்கும் காரணிகளும்' என்பது தலைப்பு. காரணிகள் மொத்தம் பதினாறு. முதலாவது கல்வி. பத்தாவது தேறியிருந்தால் போதும். பகலவன் வரலாற்றில் பி.ஏ. என்பதால், மிகைப்படிப்பு என்று மாதம் இருபது ரூபாய் பிடித்தார்கள். இரண்டாவது அனுபவம். அது வேலை நிரந்தரமான பிறகுதான் கணக்கில் வரும். நிரந்தரமாவதற்கோ அனுபவம் வேண்டும். நாலாவது, படிவத்தின் நாற்பத்திரண்டு கட்டங்களில் ஒன்றும் காலியாக இருக்கக் கூடாது. ஏழாவது, பணியிடம். ஆஸ்பத்திரி இரண்டு ஊராட்சிகளின் எல்லையில் நின்றது. பகலவனின் நாற்காலி கூடுதல் படி உள்ள ஊராட்சியிலும் மேஜை குறைந்த படி உள்ள ஊராட்சியிலும் இருந்தன. நிர்வாக அலுவலர் சுப்பராயன் டேப் வைத்து அளந்து, எழுதுகிறவனுக்குக் கை எங்கே இருக்கிறதோ அங்கேதான் வேலை என்று தீர்ப்புச் சொன்னார். ஒன்பதாவது, நோயாளிகளின் எண்ணிக்கை. கூடினால் கவனக்குறைவுக்கு இடமுண்டு என்று பத்து ரூபாய் குறையும். குறைந்தால் வேலையே இல்லை என்று பத்து ரூபாய் குறையும்.

இவை எல்லாவற்றையும் பகலவன் எப்படியோ தாண்டிவிட்டான். பதினாறாவதில் மாட்டிக்கொண்டான். தகுதிகாண் காலத்தில் ஓர் எழுத்தர் சேர்த்த நோயாளிகள் அத்தனை பேரும் முறைப்படி வெளியேறியிருக்க வேண்டும் என்பது அந்தப் பதினாறு. அவன் சேர்த்த எல்லாரும் நடந்தோ தூக்கப்பட்டோ வெளியேறிவிட்டார்கள். கோவிந்தம்மா மட்டும் போகவில்லை.

அது எண்பத்தொன்பதில், சித்திரை வெயிலில் நடந்தது. ஜல்லி லாரியில் போட்டுக்கொண்டு வந்தார்கள். வல்லக்கோட்டைப் பக்கத்து அம்மாள், நாற்பத்திரண்டு வயது, நெஞ்சு வலி. ஏதோ ஒரு புதுத் தொழிற்சாலைக்கு அஸ்திவாரம் தோண்டுகிற இடத்தில் மண் சுமந்துகொண்டிருந்தவர். தள்ளுவண்டியில் படுக்க வைத்தார்கள். மகள் செந்தாமரை தலையைத் தாங்கிக்கொண்டாள். படிவம் முழுசாக முடியாமல் தள்ளுவண்டி உள்ளே நகரக் கூடாது என்பது தாண்டவராயன் காலத்துப் பழக்கம். பகலவன் வேலைக்கு வந்து ஆறாவது நாள். பேனாவைத் திறந்தான். எடுத்த எடுப்பிலேயே பதிவெண்ணையும் படுக்கை எண்ணையும் போட்டுவிட வேண்டும், போட்டான். 'நோய் அவசரமானதா?' என்ற கேள்வி நாற்பத்தோராவது கட்டத்தில் வரும்.

முப்பத்தொன்றாவது கட்டம், வேலை தரும் நிறுவனத்தின் பெயரும் முகவரியும்.

"கம்பெனி பேரு இன்னாம்மா?"

"தெர்ல சாமி. இன்னும் போர்டு வெக்கல. தண்ணி குடு சாமி."

"தோ, இன்னும் பதினோரு கட்டம்தான் பாக்கி. மேஸ்திரி பேராவது சொல்லும்மா."

"தண்ணி."

பகலவன் குனிந்து, காலியாக விடக் கூடாத அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று யோசித்தான். நிமிர்ந்தபோது செந்தாமரை வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். கடிகாரம் பதினொன்று பத்து. தண்ணீர்ப் பானை அவன் நாற்காலிக்குப் பின்னால் நாலே அடியில் இருந்தது.

அவசரப் பிரிவு டாக்டர், பதிவெண் போட்டாகிவிட்டதால் அவர் வார்டு நோயாளி என்றார். வார்டு டாக்டர், என் வார்டுக்குள் வராதவர் சாவுக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடுவது என்றார். சாவு எண்ணிக்கை கூடினால் டாக்டர்களின் படி குறையும். அவர்களுக்கும் காரணிகள் இருந்தன. கூட வந்தவர்கள் ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு, வந்த லாரியிலேயே உடலை ஏற்றிக்கொண்டு போனார்கள். பதிவெண் நானூற்றுப் பதினேழு, படுக்கை எண் பதினேழு, மகளிர் வார்டு என்று பேரேட்டில் இருந்தது அப்படியே இருந்தது.

பேரேட்டில் இருப்பவருக்கு எல்லாம் நடந்தாக வேண்டும். காலையில் ரொட்டியும் பாலும் வந்தன. நர்ஸ் ஷாரோன் தினமும் விரிப்பை மாற்றினாள். டெம்பரேச்சர் தாளைக் காலியாக விட்டால் சம்பளம் பிடிப்பார்கள் என்பதால் தொண்ணூற்றெட்டு புள்ளி நான்கு என்று எழுதினாள். கட்டில்கள் நிரம்பியிருக்கும் கணக்கைப் பார்த்துத்தான் அரசு மானியம் வரும், அதைப் பார்த்துத்தான் நர்சுக்கு, சமையல்காரருக்கு, சலவைக்காரருக்கு எல்லாம் ஊக்கத்தொகை. கூட்டம் அதிகமான நாட்களில் நோயாளிகள் பதினேழாம் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்தார்கள். மேலே யாரும் படுக்கவில்லை. மேலே ஆள் இருந்தது.

வயிறெரிகிற கதை ஒன்று இதில் உண்டு. கோவிந்தம்மா பேரில் இருந்த முப்பது சென்ட் நிலத்தைத் தொழிற்பேட்டைக்கு எடுத்துக்கொண்டார்கள். நஷ்ட ஈடு வாங்க மகளுக்கு இறப்புச் சான்று வேண்டும். செவ்வாய்தோறும் அவள் வந்து நிற்பாள். ஒரு செவ்வாயன்று சுப்பராயனே வெளியே வந்து பதில் சொன்னார்.

"தோ பாரும்மா, காலைல டெம்பரேச்சர் எடுத்துக் கையெழுத்து போட்ருக்காங்க. நல்லா கீற மனுஷிக்குச் சாவு சர்ட்டிபிகேட் கேக்கறியே, பெத்த தாய்ன்ற நெனப்பு வேணாம்? பாக்கணும்னா நாலுலேர்ந்து அஞ்சுக்குள்ள வந்து பாத்துட்டுப் போ."

அவள் நிஜமாகவே நாலு மணிக்குப் போனாள். அடுத்த வாரமும் போனாள். ஒரு நாள் அவள் கட்டிலோரம் உட்கார்ந்து, ஒருவரும் தலை வைக்காத அந்தத் தலையணையைத் தடவிக்கொண்டிருந்ததைப் பகலவன் வாசலிலிருந்து பார்த்தான். வெளியே வரும்போது அவள் அவனைத் திட்டவில்லை. "சீட்டு ரெடியா சார்?" என்று மட்டும் கேட்டாள். திட்டியிருந்தால் தேவலை என்று அவனுக்கு இருந்தது.

அவனுக்கு வேறொரு தொல்லையும் இருந்தது. தினமும் பதினொன்று பத்துக்குக் கவுண்டருக்கு முன்னாலிருந்து யாரோ, "சாமி, தண்ணி" என்பார்கள். நிமிர்ந்தால் எதிரில் யாரும் இருக்க மாட்டார்கள். பட்டப்பகல், சுற்றிலும் ஐம்பது பேர். கொஞ்ச நாளில் அவன் ஒரு எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் ஊற்றிக் கவுண்டரின் கோடியில் வைக்க ஆரம்பித்தான். சாப்பாட்டு நேரத்துக்குள் அது பாதியாகியிருக்கும். வெயில் குடித்ததா, வந்து போகிறவர்கள் குடித்தார்களா என்று அவன் பார்த்ததில்லை. பார்க்கப் பயம். இதைக் காந்திமதியிடம்கூட அவன் சொல்லவில்லை. ஒரு பழைய கேஸ் பாக்கி இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொண்டான்.

தொண்ணூற்றொன்று ஆடி மாதம் சுப்பராயன் அவனை அறைக்குக் கூப்பிட்டார். மெட்ராசிலிருந்து மானியத் தணிக்கை அதிகாரி வருகிறாராம். பேரேட்டை மட்டும் பார்த்துவிட்டுப் போகிற வழக்கமான ஆள் இல்லையாம். கட்டில் கட்டிலாகப் போய்த் தலையை எண்ணுவாராம்.

"பதினேழுல ஒரு தலை வேணும்ப்பா. ஆயாங்களக் கேட்டேன், செத்தவ கட்டில்ல படுக்க மாட்டோம்ன்றாளுங்க. செத்துட்டான்னு இவங்களுக்கு யாரு சொன்னது? ரெகார்டு இருக்குதா?"

"சார், அந்தம்மா செத்தது உங்களுக்கே தெரியுமே."

"எனக்குத் தெரிஞ்சது வேற, ஆபீசுக்குத் தெரிஞ்சது வேற. முப்பது வருஷமா ரெண்டையும் கலக்காம வெச்சிருக்கேன், அதனாலதான் இந்த நாற்காலில உக்காந்திருக்கேன். நோயாளி இன்னிக்கு வருவான், நாளைக்குப் போவான். ரெஜிஸ்டர் நிக்கும். நிக்கறதக் காப்பாத்தறதுதான் ஆஸ்பத்திரி." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீ சேத்த கேசு, நீயே ஒரு பொம்பளையக் கொண்டா. அதிகாரி பாத்துட்டு, குணமாயிட்டாங்க, அனுப்பலாம்னு எழுதுவாரு. கட்டை விரல் வெச்சா டிஸ்சார்ஜ். பதினாறாவது காரணி தீர்ந்துது. அடுத்த மாசம் உனக்குத் தொள்ளாயிரத்து எண்பது."

பகலவன் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான். காந்திமதி தோண்டித் தோண்டிக் கேட்டு விஷயத்தை வாங்கினாள்.

"இதுக்கா மூஞ்சத் தூக்கி வெச்சிகினு கீறீங்க? நானே வந்து படுக்கறேன். ஒம்போது மணி நேரம் நின்னுகினு ஷூவுக்குப் பசை தடவறேன், ஒரு நாள் கால நீட்டிப் படுக்கச் சொன்னா கசக்குதா?"

"வேற ஒருத்தங்க பேர்ல படுக்கணும்டி."

"பேரு இன்னா, குத்தப் போவுதா? யாரு அந்தம்மா?"

"பழைய கேசு."

"வயித்துல புள்ளைய வெச்சிகினு கேக்கறேன், இது ஒண்ணும் தப்பான காரியம் இல்லியே?"

இல்லை என்று அவன் தலையாட்டினான். அந்தத் தலையாட்டலுக்காக அவன் தன்னை மன்னித்ததே இல்லை.

அதிகாரி வரவிருந்த செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்கே காந்திமதி பதினேழாம் கட்டிலில் படுத்துவிட்டாள். ஷாரோன் கழுத்துவரை போர்த்திவிட்டு, 'கோவிந்தம்மா, 42' என்ற அட்டையைக் கால்மாட்டில் கட்டிவிட்டு, யாருக்கும் தெரியாமல் நெஞ்சில் சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். பிறகு மேஜைக்குப் போய், விட்டுப்போன தாள்களையெல்லாம் எழுத உட்கார்ந்தாள். அதிகாரி வருகிற நாளில் நர்சுகள் அத்தனை பேரும் எழுதத்தான் செய்வார்கள்.

அதிகாரி நாகப்பன் ஒல்லியான மனிதர். ஒவ்வொரு நோயாளியின் காலையும் பேனாவால் தொட்டு எண்ணிக்கொண்டே வந்தார். பதினேழாம் கட்டிலில் நின்று தாளைப் புரட்டினார்.

"எண்பத்தொன்பது ஏப்ரல்ல அட்மிஷன். நெஞ்சு வலி. அதுக்கப்புறம் வெளியவே போகல?"

"ஒரு நாள்கூட போகல சார்" என்றார் சுப்பராயன் பெருமையாக.

அதிகாரி போர்வையின் மேட்டைப் பார்த்தார். "இவங்க கர்ப்பமா இருக்காங்களே?"

ரெண்டு வருஷமாக மகளிர் வார்டை விட்டு நகராதவருக்கு ஏழு மாதம். இந்தக் கணக்கை அங்கே யாரும் போட்டுப் பார்த்திருக்கவில்லை. எண்ணிக்கை சரியாக இருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்திருந்தார்கள்.

சுப்பராயன் அசரவில்லை. "நம்ம ஆஸ்பத்திரி கவனிப்பு அப்படி சார். நெஞ்சு வலியோட வந்தவங்க, இப்ப இன்னொரு உயிரையே சுமக்கற அளவுக்குத் தேறிட்டாங்க."

அதிகாரி தாளை இன்னொரு முறை புரட்டினார். "ஒரே கட்டில்ல ரெண்டு உயிர். அப்ப மானியக் கணக்குல ஒண்ணரையாப் போடலாம். விதியில இடம் இருக்கு." எழுதிக்கொண்டார். அவர் முகத்தில் கேலி துளியும் இல்லை, நிஜமாகவே திருப்திப்பட்டார். பிறகு, கேட்டாக வேண்டிய கேள்வியைக் கேட்டார்: "ஏம்மா, இங்க உங்களுக்கு ஏதாவது குறை உண்டா?"

இல்லை என்று சொல்லும்படிதான் காந்திமதிக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். அவள் கண்ணைத் திறந்தாள். உதடு காய்ந்திருந்தது.

"தண்ணி கேட்டேன் சாமி" என்றாள். "கேட்டு ரொம்ப நேரமாச்சு. எழுதிகினே கீறாங்க, யாரும் குடுக்கல."

வார்டுக் கடிகாரம் பதினொன்று பத்து காட்டியது.

காந்திமதி தன் வாழ்நாளில் யாரையும் சாமி என்று கூப்பிட்டவள் இல்லை. பகலவன் கவுண்டருக்கு ஓடினான். டம்ளர் கோடியில் இருந்தது. எடுத்து வந்து அவள் தலையைத் தூக்கி வாயில் வைத்தான். அவள் மூச்சு விடாமல் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். அதற்குள் சுப்பராயன் மைப்பெட்டியைத் திறந்து அவள் கட்டை விரலைப் பிடித்திருந்தார். குணமாகி வீடு திரும்பினார் என்று தாளில் எழுதியாகிவிட்டது. விரல் பட வேண்டியதுதான் பாக்கி. பட்டால் தொள்ளாயிரத்து எண்பது. பட்டால் செந்தாமரையின் அம்மா நல்ல உடம்போடு எங்கேயோ நடந்து போனவராகிவிடுவார், எந்தக் காலத்திலும் சாகாதவராகிவிடுவார்.

பகலவன் அந்தக் கையைப் பிடுங்கித் தன் சட்டையில் மையைத் துடைத்தான்.

"இது என் பொண்டாட்டி சார். கோவிந்தம்மா செத்து ரெண்டு வருஷமாச்சு. என் கவுண்டர்ல செத்தாங்க. தண்ணி கேட்டாங்க, நான் எழுதிகினு இருந்தேன்." சொல்லும்போதே அவனுக்கு அழுகை முட்டியது. சுற்றி அத்தனை பேர் இருந்தும் வெட்கமாக இல்லை.

அதிகாரி பேனா மூடியைத் திருகிக்கொண்டே கேட்டார். "எந்தக் கட்டம் எழுதிட்டிருந்தீங்க?"

"சார்?"

"சாகும்போது எந்தக் கட்டம்?"

"முப்பத்தொண்ணு."

"மீதி பதினொண்ணு?"

"எழுதல."

"அப்ப சேர்க்கையே முழுசாகல." அதிகாரி சுப்பராயனைப் பார்த்தார். இரண்டு முகங்களிலும் ஒரே நேரத்தில் நிம்மதி படர்ந்தது. "சேராதவங்க இங்க செத்திருக்க முடியாது. ஆஸ்பத்திரில சாவும் இல்ல, தப்பும் இல்ல. சேராதவங்க வெளியேற வேண்டியதும் இல்ல. இந்தத் தம்பிக்குப் பதினாறாவது காரணி தடையே கிடையாது."

"ஆனா நாலாவது இருக்கு சார்" என்றார் சுப்பராயன் மெதுவாக. "கட்டத்தக் காலியா விட்டிருக்கான்."

நாலாவது காரணிப்படி அன்று மாலையே வேலை போனது.

போவதற்கு முன்னால் பகலவன் அந்தப் பழைய படிவத்தைத் தேடி எடுத்தான். முப்பத்தொன்றாவது கட்டத்தில், 'பெயர் வைக்கப்படாத தொழிற்சாலை' என்று எழுதினான். கீழே குறிப்பு எழுதினான். 'இந்தப் படிவத்தை நான் எழுதிக்கொண்டிருக்கும்போது பதினொன்று பத்துக்கு இறந்துபோனார். தண்ணீர் கேட்டார். நான் தரவில்லை.' கையெழுத்துப் போட்டு, கவுண்டர் முத்திரையைக் குத்தி, நாலு மணிக்கு வந்த செந்தாமரையிடம் கொடுத்தான். அவளுக்குப் படிக்கத் தெரியாது. அவன் படித்துக் காட்டினான். அவள் தாளை வாங்கி மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, அவன் தோளை ஒரு முறை தொட்டுவிட்டுப் போனாள். அந்தத் தாளை வைத்துக் கிராம நிர்வாக அலுவலர் சாவைப் பதிந்து கொடுத்தார் என்று பின்னால் கேள்விப்பட்டான். காந்திமதி மறுநாள் காலை மறுபடியும் ஷூ கம்பெனி லைனில் போய் நின்றாள். வீங்கின காலைப் பார்த்துக்கொண்டே அவன் அவளை பஸ் ஏற்றிவிட்டான். அவள் பதினேழாம் கட்டிலில் என்ன சொன்னாள் என்பது அவளுக்கே ஞாபகம் இல்லை.

புரட்டாசிக் கடைசியில், வேலை செய்கிற இடத்திலேயே அவளுக்கு வலி எடுத்தது. பக்கத்தில் வேறு ஆஸ்பத்திரி இல்லை. கவுண்டரில் பூர்ணிமா என்று ஒரு பெண் புதிதாக உட்கார்ந்திருந்தாள். பி.காம்., அதனால் இருபத்தைந்து ரூபாய் பிடித்தம். அவள் படிவத்தை எடுத்துப் பேனாவைத் திறப்பதற்குள் பகலவன் தள்ளுவண்டியைத் தானே உருட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டான். பதினேழாம் கட்டில் காலியாக இருந்தது. மதியம் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம்.

மறுநாள் காலை காந்திமதியின் படிவத்தை நிரப்பக் கவுண்டருக்கு வந்தான். இப்போது நாற்பத்துமூன்று கட்டங்கள். கடைசிக் கட்டம் புதிது: 'நோயாளி தண்ணீர் கேட்டாரா? ஆம் எனில் எத்தனை மணிக்கு?' அவன் எவர்சில்வர் டம்ளர் கோடியிலேயே இருந்தது. அதன் மேல் சிவப்புப் பெயின்டில் சொத்து எண் எழுதி, சங்கிலி போட்டு மேஜையோடு கட்டியிருந்தார்கள்.

"கேட்டாங்களா சார்? ஆம்னு போடவா?"

பகலவன் பதில் சொல்வதற்குள் பூர்ணிமா சட்டென்று நிமிர்ந்து அவனுக்குப் பின்னால் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை. கடிகாரம் பதினொன்று பத்து. அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"சார், நீங்க முன்னாடி இந்த சீட்டுலதானே இருந்தீங்க? தெனமும் இந்நேரத்துக்கு யாரோ கூப்புடறாங்க சார். உங்களுக்கும் கேக்குமா?"

"கேக்கும். கேட்டா எழுதாதம்மா. எழுந்து போய்த் தண்ணி குடு."

பூர்ணிமா சுவரைக் கை காட்டினாள். கண்ணாடிக்குள் சுற்றறிக்கை புதிதாக இருந்தது. பதினேழாவது காரணி: படிவம் முடியும் முன் இருக்கையை விட்டு எழுவது.

"எழுந்தா இன்க்ரிமென்ட் போயிடும் சார்" என்றாள். அவள் கண் டம்ளரிலேயே இருந்தது. கை எழுதிக்கொண்டிருந்தது.